வூட்ல தான் கீறேன்

கன்னியர் மடம்,
7.7.2024

என் அண்ணன் பெஞ்சமினுக்கு,

தங்கச்சி சுகிர்தா எழுதறேன். ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கேன். நீயும் அம்மாவும் எப்படி? அம்மா முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் தேய்ச்சு விடறியா, இல்ல கம்ப்யூட்டர் முன்னாடியே ஒக்காந்துகினு கீறியா?

பாரு, உனக்கு எழுதும்போது மட்டும்தான் எனக்கு ‘கீறியா’ வருது. இங்க வந்த முதல் நாள், ‘எங்கம்மா வூட்ல கீது’ன்னு சொன்னேன். பக்கத்துக் கட்டில் சுதா நாகர்கோவில்காரி. ‘உங்கம்மா யாரைக் கீறுது?’ன்னு கேட்டா. மொத்த கூட்டமும் சிரிச்சுது. அன்னியிலேர்ந்து வாயைத் திறந்தா ‘இருக்கு’தான்.

ரெண்டு வருஷத்துக்கு போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். அதையும் மதர் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. அதனால ஏடாகூடமா எதையாச்சும் எழுதி வெக்காதே. பிளஸ் டூல ஆயிரத்து முப்பத்தேழு வாங்கின பொண்ணு இங்க காலைல அஞ்சரைக்கு கக்கூஸ் கழுவுது. சந்தோஷமாத்தான் கழுவுது, நம்பு.

ஆறு வருஷமா குடைஞ்சிகினு இருந்தியே ஒரு ஆகாய கேம், அது வெளிய வந்துதா? மே மாசம் நைனாவோட ஏழாம் வருஷப் பூசை வெச்சீங்களா? அந்த ஏசுதாஸ் வந்து நின்னானா?

ஜெபத்துல உங்க ரெண்டு பேரையும் விடறதில்ல.
சுகிர்தா

*

காவாந்தண்டலம்,
28.7.2024

சிஸ்டர் ஆகப்போற பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மா முட்டி அப்படியேதான் கீது. தைலம் தேய்ச்சிகினுதான் கீறேன், மெரட்டாத.

கேம் போன மாசம் வெளிய வந்துட்டுது. பேரு ‘கீறியா’. உனக்கு வெளங்கற மாதிரி சொல்றேன். ஆகாயத்துல ஒரு கப்பலு. அதுலேர்ந்து ஒரே ஒரு ஆளு கவுத்த கட்டிக்கினு கீழ கிரகத்துக்கு எறங்கறான். மொத்தம் பத்து கிரகம். துப்பாக்கி கெடயாது, சண்டை கெடயாது. மணலு, காத்து, இருட்டு. தண்ணி எங்க கீதுன்னு தேடணும், அவ்ளோதான். மேல கப்பல்ல இருக்கறவன் அப்பப்ப ‘கீறியா?’ன்னு குரல் குடுப்பான். கீழ ஆடறவன் பட்டன அழுத்தினா ‘கீறேன்’னு பதில் போவும். ஆழம் போவப் போவ குரல் சன்னமாயிடும். நைனா கெணறு தூர் வாரும்போது மேலேர்ந்து கேட்டுகினே இருப்பாங்களே, அதேதான். காத்து சத்தம் பூரா மானாம்பதி பக்கம் வறண்ட கெணத்துல மைக்க எறக்கிப் புடிச்சது.

ஒரு நூறு பேரு ஆடுவாங்கன்னு நெனச்சேன் பாப்பா. அமெரிக்காவுல ஒரு பெரிய விமர்சகரு பத்துக்கு ஒம்போது குடுத்துட்டாரு. எனக்கு கையி காலு ஓடல. அப்புறம் அவரு எழுதினத முழுசா படிச்சேன். தூக்கிவாரிப் போட்டுது.

பேச்சுக்கு திரையில கீழ இங்கிலீஷ் எழுத்து போட நேரம் இல்லாம கம்ப்யூட்டரையே மொழிபெயர்க்க வுட்டேன். அது நம்ம ‘கீறியா’வ உங்க சுதா மாதிரியே புரிஞ்சிக்கினு கீது. ஆகாயத்துலேர்ந்து ஒருத்தன் ‘நகத்தால கீறினாயா?’ன்னு கேக்கறான். கீழ உசுர கையில புடிச்சிக்கினு நிக்கறவன் ‘கீறுகிறேன்’ங்கறான். ரிலீஸ் பண்ற அவசரத்துல நான் ஒரு தடவ கூட அந்த எழுத்த பாக்கல.

அந்த அமெரிக்காக்காரரு இன்னா எழுதிகீறாரு தெரியுமா? ‘மனிதன் பிரபஞ்சத்தின் மேல்தோலை மட்டுமே கீறுகிறான் என்பதை இந்த ஒரே கேள்வியில் படைப்பாளி அடக்கிவிட்டார்.’ நான் படைப்பாளியாம். இன்னொருத்தரு, இது நானே உண்டாக்குன வேத்து கிரக பாஷைன்னு சொல்லி அதுக்கு இலக்கணம் எழுதிக்கினு கீறாரு.

பூசை வெச்சோம். ஏசுதாஸ் சித்தப்பா கோயில் கடைசி வாசல்ல நின்னுட்டு போயிட்டாரு.

ஒடம்ப பாத்துக்க.
பெஞ்சமின்

*

கன்னியர் மடம்,
20.8.2024

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தைப் படிச்சுட்டு மதரே என்னைக் கூப்பிட்டு, ‘உங்க அண்ணனுக்கு மூளை நல்லா இருக்குதானே?’ன்னு கேட்டாங்க. சுதா கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சா. இப்ப மடம் முழுக்க பாத்திரம் தேய்க்கும்போது ‘கீறினாயா?’தான்.

நானும் சிரிச்சேன். அப்புறம் ஜெபக்கூடத்துல முட்டி போட்டதும் சிரிப்பெல்லாம் போயிடுச்சு. அது நம்ம நைனாவோட உசுரு இருக்கற வார்த்தை. மேலேர்ந்து ‘கீறியா’ன்னு கேக்கணும், கீழேர்ந்து ‘கீறேன்’னு வரணும், வரலைன்னா கவுத்தை இழுக்கணும். அத்தனை வருஷமும் அவரு அதை நம்பித்தான் எறங்கினாரு. தப்பைத் திருத்திடு. ஒம்போது போனா போவட்டும்.

இன்னொண்ணு. ‘சித்தப்பா’ன்னு எழுதிகீறே. எந்தச் சித்தப்பா? வேதகிரி நெலத்துக் கெணத்து மேல நின்னு குரல் குடுக்க வேண்டிய ஆளு, சேறு தூக்கற கப்பிச் செயின் எடுக்கப் போறேன்னு போனான். கேக்க நாதியில்லாம கெட்ட காத்துல நைனா கீழயே செத்துக் கிடந்தாரு. ‘நான்தான் விட்டுட்டுப் போனேன்’னு அவனே போலீஸ்ல சொன்னானே. நான் பரீட்சை பாஸான அதே நாளு. என் மார்க்கைக் கேக்காமலே போயிட்டாரு நைனா. எல்லாரையும் மன்னிக்கணும்னு இங்க சொல்லித் தர்றாங்க. எல்லாரையும் மன்னிச்சுட்டேன், அந்த ஒரு பேரு மட்டும் தொண்டையில நிக்குது.

சுதா பி.ஏ. இங்கிலீஷ். விமர்சனம் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து அனுப்பு, படிச்சு சொல்லுவா.

அம்மாவுக்கு என் முத்தம்.
சுகிர்தா

*

காவாந்தண்டலம்,
18.9.2024

பாப்பாவுக்கு,

சௌக்கியம். அம்மாவும் அப்படியே. நாலு விமர்சனம் வெச்சிகீறேன், எல்லாம் நல்ல மாதிரியா எழுதினது. ஒருத்தரு ‘தனிமையை இவ்வளவு அழகாக யாரும் காட்டியதில்லை’ன்னு எழுதிகீறாரு. அந்தத் தப்ப இன்னும் திருத்தல. திருத்தினா கேமே போச்சின்னு ஆடறவங்க கத்தறாங்க. ஒரு பொண்ணு அந்தக் கேள்விய கையில பச்சை குத்திக்கினு போட்டோ போட்டிருக்குது.

சித்தப்பா, சரி, ஏசுதாஸு வூட்டுக்கு வந்தாரு. அவரு பொண்ணு வளர்மதிக்கு கல்யாணம், பிப்ரவரி பத்து. வெத்தல பாக்கு தட்டோட வாசல்ல நின்னாரு. அம்மா கதவ சாத்திட்டுது. அவரு தட்ட படியில வெச்சிட்டு போயிட்டாரு. ஆளு பாதியா எளைச்சிட்டாரு பாப்பா. ஏழு வருஷமா ஊர்ல யாரும் அவரை கெணத்து வேலைக்கு கூப்புடறது இல்ல. கல்லு ஒடைக்க போறாரு.

நான் கல்யாணத்துக்கு போலாமான்னு பாக்கறேன். நீ இன்னா சொல்ற?

பெஞ்சமின்

*

கன்னியர் மடம்,
12.10.2024

பெஞ்சமின் அண்ணனுக்கு,

நல்லா இருக்கேன். மலையில மழை, சளி பிடிச்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல.

நான் இன்னா சொல்றேனா? போனா நீ எனக்கு அண்ணன் இல்ல. மதர் படிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதறேன். அவன் எளைச்சா எனக்கென்ன? நைனா எளைக்கக்கூட இல்லியே.

விமர்சனம் வந்தது. நாலும் வெல்லக்கட்டி. இத்தனை பேரு எழுதினதுல ஒருத்தன் கூடவா திட்டல? நீ பொறுக்கி எடுத்து அனுப்பறேன்னு சுதாவே சொல்றா. சின்ன வயசுலயும் இப்படித்தான், குறைஞ்ச மார்க் பேப்பரை அரிசிப் பானைக்கு அடியில சொருகுவே. திட்டினதை அனுப்பு. அதுலதான் உண்மை இருக்கும்.

அம்மா ஒழுங்கா சாப்பிடுதா?
சுகிர்தா

*

காவாந்தண்டலம்,
23.11.2024

பாப்பாவுக்கு,

சௌக்கியம். பதில் போட இவ்ளோ நாளாயிட்டுது, வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி கெடந்தேன்.

கேட்டியே, திட்டினது, ஒண்ணு வெச்சிகீறேன். எல்லாத்துலயும் கேவலமா திட்டினது இதுதான். கடைசி கிரகம் வரைக்கும் ஆடின ஆளுங்க கம்மி. இவரு ஆடிகீறாரு. சுதாவ படிக்க சொல்லு. நீ பக்கத்துல ஒக்காந்து முழுசா கேளு. நடுவுல நிறுத்தாத.

வேற எழுத தெரியல.
பெஞ்சமின்

*

கன்னியர் மடம்,
3.1.2025

அண்ணே,

நலமான்னு கேக்க முடியல. கடிதம் வந்து ஒரு மாசம் ஆவுது. பேனாவை எடுத்தா கை வரமாட்டேங்குது.

தோட்டத்துல கீரை ஆயும்போது சுதா படிச்சா. அவ தமிழ்ல மாத்திச் சொன்னதை அப்படியே எழுதறேன்.

‘ஒன்பதாவது கிரகம் வரை இது அற்புதம். பத்தாவதில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்கிறது. நாம் பாதி ஆழத்தில் இருக்கும்போது மேலிருந்து வரும் குரல் நின்றுபோகிறது. பதினோரு நிமிடம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கோளாறு என்றே நினைத்தேன். மேலே இருப்பவன் வேறு யாருடனோ பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கிறது. யாருடன் என்று விளையாட்டு சொல்வதே இல்லை. அதில் புரிகிற ஒரே வாக்கியம், நான் வீட்டில் மட்டும்தான் கீறிக்கொள்வேன். இதைவிடக் கேவலமான மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை.’

சுதா அங்க நிறுத்திட்டு சிரிச்சா. வீட்டுல மட்டும்தான் சொறிஞ்சுக்குவானாம்னு. எனக்கு சிரிப்பு வரல. ‘வூட்ல தான் கீறேன்.’ அது எங்கயோ கேட்ட குரலா இருந்துது. மேல படின்னேன்.

‘பதினோரு நிமிடம் கழித்து அவன் திரும்பி வந்து, கீழே பார்த்து ஒரு எண்ணைக் கத்துகிறான். ஆயிரத்து முப்பத்தேழு. பதில் இல்லை. திரும்பவும் கத்துகிறான். திரை இருளுகிறது. அந்த எண் என்னவென்று ஆயிரம் பேர் இணையத்தில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எதுவுமில்லை என்பதே என் முடிவு. பத்துக்கு நாலு.’

கீரைக்கட்டு மடியிலேர்ந்து விழுந்துது. ‘என்னடி, பேய் அறைஞ்சா மாதிரி இருக்கே’ன்னா சுதா.

அண்ணே, ரிசல்ட் வந்த அன்னிக்கு ஸ்கூல்ல வார்டன் சிஸ்டர் போன்லேர்ந்து உனக்குத்தான் பண்ணேன். மார்க்கைச் சொன்னதும் நீ கத்தின கத்துல என் காது அடைச்சுது. எங்க இருக்கேன்னு கேட்டேன். கெணத்து வேலைக்குப் போவ மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணியிருந்தே நீ. ‘வூட்ல தான் கீறேன்’னே. அப்புறம் எந்தக் காலேஜு, எந்த பஸ்ஸுன்னு பேசிகினே இருந்தோம். போனைக் குடுத்தப்ப வார்டன் திட்டினாங்க, பதினோரு நிமிஷம் பேசிட்டேன்னு.

நீ வூட்ல இல்ல. கெணத்து மேல இருந்தே. ஏசுதாஸ் சித்தப்பா செயின் எடுக்கப் போனப்ப, குரல் குடுக்க உன்னைத்தான் நிக்க வெச்சிட்டுப் போயிருக்காரு.

உன் மேல கோபம் வரணும். வருது. ஆனா அந்தப் பக்கம் பேசினது யாருன்னு ஒலகத்துக்கே சொல்லாம மறைச்சு வெச்சியே, யாருக்காக? அந்தச் சிரிப்புல பாதி என் சிரிப்பு.

நான் அவரை என்னவெல்லாம் பேசினேன். போன கடிதத்துல கூட ‘அவன்’னு எழுதினேன். அவரு வாயைத் திறக்காம கல்லு ஒடைச்சிகினு இருந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லு. அவரையும் வெச்சிகினு சொல்லு. கேம்ல சொன்னது பத்தாது.

மதர் இதைப் படிப்பாங்க. படிக்கட்டும்.
சுகிர்தா

*

கன்னியர் மடம்,
24.1.2025

அண்ணே,

பதில் காணோம். தபால் வர்ற நேரத்துக்கு வாசல்லயே நிக்கறேன். ஏதாச்சும் பண்ணிக்கினியோன்னு பயமா இருக்கு. வெறும் தாளாச்சும் மடிச்சுப் போடு.

சுகிர்தா

*

காவாந்தண்டலம்,
13.2.2025

பாப்பாவுக்கு,

நான் நல்லாதான் கீறேன். பயப்படாத. தெகிரியம் வர இத்தினி நாளாயிட்டுது.

ஆறாந்தேதி மத்தியானம் சித்தப்பா வூட்டுக்கு போனேன். கையப் புடிச்சி இட்டுகினு வந்தேன். எதுக்குன்னு அவரு கேக்கல, தெரிஞ்சிகினாரு. ‘வேணாம்டா, கல்யாண வேலை கீது’ன்னு மட்டும் சொன்னாரு. அம்மா மொறத்துல அரிசி பொடைச்சிகினு இருந்துது. அவரைப் பாத்ததும் எழுந்திரிக்கப் பாத்துது. முட்டி வுடல.

நின்னுகினே எல்லாத்தையும் சொன்னேன். அன்னிக்கு லீவுன்னு நைனாகூட வேலைக்கு போனத, சித்தப்பா ‘குரல் குடுத்துகினே இரு’ன்னு சொல்லிட்டு போனத, போன் வந்தத. கெணத்துகிட்ட டவர் கெடைக்காம புளியமரம் வரைக்கும் வந்துட்டேன். திரும்பிப் போயி மொதல்ல ‘கீறியா’ன்னு கேக்கல பாப்பா. சந்தோஷத்துல உன் மார்க்கத்தான் கத்தினேன். பதில் வர்ல. ஆனந்தத்துல வாயடைச்சிப் போயிட்டாருன்னு நெனச்சி இன்னொரு தடவ கத்தினேன். அதுக்குள்ள சித்தப்பா ஓடி வந்தாரு. எட்டிப் பாத்தாரு. என்னை ஒரு அறை வுட்டு, ‘நீ இங்க வரவே இல்ல, வூட்டுக்கு ஓட்றா’ன்னாரு. ஓடினேன். ஏழு வருஷமா ஓடிகினு கீறேன்.

சித்தப்பா அப்புறமா பேசினாரு. ‘பையன் மேல தப்பு பாதி கூட கெடயாது அண்ணி. நான் செயினுக்கு போவறதுக்கு முன்னாடி கடைசியா கேட்டேன். அண்ணன் கீறேன்னுதான் சொன்னாரு. ஆனா கொரல் குடிச்சவன் கொரல் மாதிரி கொழகொழன்னு வந்துச்சி. அவரு குடிக்காத மனுஷன். கெட்ட காத்துன்னு தெரிஞ்சி அப்பவே இழுத்திருக்கணும். செயின் குடுக்கறவங்க வூட்ட பூட்டிக்கினு போயிடுவாங்கன்னு ஓடினேன். பழி என்னுதுதான், நான் யாருக்காகவும் சொமக்கல.’

இது நெசமா, இல்ல என்னைக் காப்பாத்த அவரு சொல்ற ரெண்டாவது பொய்யான்னு எனக்கு இன்னிய வரைக்கும் தெரியல.

அம்மா ரொம்ப நேரம் பொடைச்சிகினே இருந்துது. அப்புறம் மொறத்த வெச்சிட்டு, ‘ஏசு, சோறு ஆறுது. கை கழுவு’ன்னுது. அவரு சாப்புட ஒக்காந்தாரு, ஒரு வாய் கூட எறங்கல. அழுதுகினே இருந்தாரு. கல்யாணத்துல அம்மா வளர்மதி பக்கத்துலயே நின்னுது. நான் சேர் தூக்கிப் போட்டேன்.

என்கிட்ட அம்மா பேசல. அன்னிக்கு சாத்தின வாய்தான். சோறு போடுது, மூஞ்சப் பாக்கல.

யாருக்காக மறைச்சேன்னு கேட்ட. ‘நான் போன் பண்ணாம இருந்திருந்தா’ன்னு நீ நெனச்சிடக் கூடாதுன்னுதான். எப்படியாச்சும் சொல்லணும், நேரா சொல்ல முடியல. அதான் நீ ஆடவே மாட்டன்னு தெரிஞ்ச எடத்துல போய் சொன்னேன்.

பெஞ்சமின்

*

கன்னியர் மடம்,
2.3.2025

அண்ணே,

நான் நல்லா கீறேன். இனிமே இப்படித்தான் எழுதுவேன், யாரு சிரிச்சாலும்.

உன் கடிதத்தை மதர் பிரிக்காம குடுத்தாங்க. ஜெபக்கூடத்துல பக்கத்துல வந்து முட்டி போட்டுகினாங்க. சுதாகிட்ட நானே எல்லாத்தையும் சொன்னேன். அவ ‘கீறினாயா’ன்னு சொல்றதை நிறுத்திட்டா.

‘நான் போன் பண்ணாம இருந்திருந்தா’ன்னு நெனச்சுட்டேன். நெனைக்காம எப்படி இருப்பேன்? பதினோரு நிமிஷத்தை ரெண்டா பிரிச்சா ஆளுக்கு அஞ்சரை. எனக்கு வர்றதை நான் வெச்சிக்கறேன், நீ அதுல கை வெக்காதே. சித்தப்பாவுக்குத் தனியா எழுதியிருக்கேன். மன்னிப்பு கேக்க ஒரு தாள் பத்தல.

அந்த வார்த்தையைத் திருத்து. அம்மா பேசற வரைக்கும் நீ பேசிகினே இரு.

சுகிர்தா

*

காவாந்தண்டலம்,
20.4.2025

பாப்பாவுக்கு,

சௌக்கியம். வெயில் கொளுத்துது. அம்மா முட்டி கொஞ்சம் தேவலாம், நடக்குது.

திருத்திட்டேன். இப்ப கேம்ல இங்கிலீஷ் எழுத்து ‘நீ இருக்கிறாயா?’ ‘இருக்கிறேன்’னுதான் வருது. கடைசி கிரகத்துல ‘வீட்டில்தான் இருக்கிறேன்.’ ஊரு ஒலகமே கொதிச்சிப் போச்சி. மூணாயிரம் பேரு கையெழுத்து போட்டு, பழைய கேள்விய திருப்பிக் குடுன்னு கேக்கறாங்க. மொதல்ல ஒம்போது குடுத்தாரே, அந்த அமெரிக்காக்காரரு புதுசா எழுதி ஆறுக்கு எறக்கிட்டாரு. ‘இவ்வளவு சாதாரணமான கேள்வியைக் கேட்கவா இவ்வளவு தூரம் போனோம்?’னு கேட்டுகீறாரு. ஆமான்னு பதில் போடலாம்னு பாத்தேன். போடல.

முந்தாநாளு நடந்தத சொல்லத்தான் ஒக்காந்தேன். வூட்டுக்குப் பின்னாடி தரையோட தரையா கீதே தண்ணித்தொட்டி, அத கழுவ எறங்கினேன். என் தோள் உசரம் கூட கெடயாது. குனிஞ்சி பாசிய சொரண்டிகினு இருந்தேன். அம்மா என்கிட்ட பேசி அன்னியோட எழுவத்தோரு நாளு. தொட்டி வாயில நெழல் விழுந்துது. நிமுந்து பாத்தா அம்மா காலு மட்டும் தெரிஞ்சிது.

‘கீறியா?’ன்னுது.

சொரண்டறத வுட்டுட்டு அந்தக் காலையே பாத்துகினு நின்னேன். அம்மா காலு ஒரு எட்டு முன்னால வந்துது. ‘டேய், கீறியா?’

‘கீறேம்மா’ன்னேன்.

அம்மா போவல. வேலை முடியற வரைக்கும் அந்த வெயில்ல அங்கயே நின்னு கேட்டுகினே இருந்துது. நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்.

பெஞ்சமின்